இரண்டு கணினிகளுக்கு மட்டும்

திங்கட்கிழமை காலை பத்து மணிக்குக் கணினி மூன்றாவது முறையாக மயங்கி விழுந்தது.

பிளான்காரர் அப்போது பஸ் டிரைவர் வீட்டு மாடிப்படியில், ஏழாவது படியில் இருந்தார். எட்டாவது படிக்குக் கோடு இழுப்பதற்குள் திரை கறுத்துவிட்டது. மவுஸைப் பிடித்த கை அப்படியே நின்றது.

தெருவில் யாரும் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. வீடு கட்டுகிறவர்களுக்கு வரைபடம் போட்டுக் கொடுக்கிறவர், அதனால் பிளான்காரர். வீட்டின் முன்னறைதான் அலுவலகம். ஜன்னலோரம் ஒரு பெரிய மேசை, அதன்மேல் பதின்மூன்று வயதான கணினி. பக்கத்திலேயே ஒரு சின்ன மேசை. அதன்மேல் இப்போது இஸ்திரி போடவேண்டிய துணி மலைபோலக் குவிந்திருந்தது.

“மறுபடியும் போச்சா?” என்றாள் மனைவி, உள்ளிருந்தே.

“போகலை. யோசிக்குது.”

“பதிமூணு வருஷமா அது யோசிக்குது, நீங்க கன்னத்துல கை வெச்சுக்கிட்டுக் காத்திருக்கீங்க. நான் ஒரு நிமிஷம் யோசிச்சா மட்டும் ‘காபி என்னாச்சு’ன்னு குரல் வரும். சக்களத்திக்கு இருக்கிற மரியாதை கட்டினவளுக்கு இல்லை.”

பிளான்காரரின் கண் சுவரில் இருந்த காலண்டரில் குத்திட்டு நின்றது. வெள்ளிக்கிழமை. பகல் பன்னிரண்டு மணி. அதற்குள் வரைபடம் கட்டட அனுமதி அலுவலகத்தின் இணையதளத்தில் ஏறியாக வேண்டும். ஏறாவிட்டால் அந்த இணையதளக் கதவு மறுபடி திறக்க மூன்று மாதம். பஸ் டிரைவரோ இருக்கிற வீட்டைக் காலி செய்வதாகச் சொல்லிவிட்டு வந்தவர். “உங்களை நம்பித்தான் சார்” என்று போன வாரம் அவர் சொன்னபோது, ஸ்டியரிங் பிடித்துக் காய்த்துப்போன அந்தக் கை மேசை விளிம்பைப் பற்றியிருந்தது.

பொத்தானை அமுக்கினார். கணினி முனகிக்கொண்டு எழுந்தது. எழுந்த கையோடு மறுபடியும் படுத்தது.

வேறு வழியில்லை. டாக்டரம்மாவுக்குப் போன் போட்டார்.

*

டாக்டரம்மா மனிதர்களுக்கு வைத்தியம் பார்ப்பவர் அல்ல. ஐம்பதை நெருங்குகிற, காதோரம் பென்சிலுக்குப் பதில் திருப்புளி செருகியிருக்கிற பெண்மணி. கடைத்தெருவில் கணினி பழுது பார்க்கிறார். பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, உள்ளே டார்ச் அடித்துப் பார்த்ததும் உச்சுக்கொட்டினார்.

“மதர்போர்டு சார். பாருங்க, இந்தச் சின்னச் சின்ன டப்பா எல்லாம் வீங்கிக் கிடக்கு. இன்னும் பத்து நிமிஷம், இருபது நிமிஷம் ஓடும். அவ்வளவுதான்.”

“மாத்திடலாமா?”

“புது மெஷினே வாங்கிடலாம்.”

“மாத்திடலாமா?” என்றார் பிளான்காரர், அதே குரலில்.

உள்ளிருந்து மனைவியின் இருமல் கேட்டது. அது சளி இருமல் அல்ல.

“மாத்தலாம் சார். ஆனா முதல்ல உரிமக் கணக்கு. மெஷினை ஓட்டுற அடிப்படை மென்பொருள் இருக்கே, அதுக்கான ஸ்டிக்கர் இதோ பெட்டி முதுகுல. இது மெஷினோட வந்தது. போர்டோட ஒட்டிப் பிறந்தது. போர்டு போனா கூடவே போயிடும். புதுசு வாங்கணும்.”

“இலவசமா ஏதோ கிடைக்குதாமே?”

“கிடைக்குது. நல்லாவும் இருக்கும். ஆனா உங்க வரையுற மென்பொருள் அதுல உக்காராது.”

“சரி, அதை வாங்கித் தொலைப்போம். வரையுறது?”

“அது நீங்க தனியாப் பெட்டியில வாங்கினது. ஆயுசுக்கும் சொந்தம். நீங்க எங்க போறீங்களோ கூடவே வரும். இப்ப யாரும் அப்படி விக்கிறதில்ல சார், எல்லாம் மாச வாடகை.”

“வாடகையா?” பிளான்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “ஊருக்கெல்லாம் சொந்த வீடு வரைஞ்சு குடுக்கிறவன் நான். வாடகைக்கு வாங்கின பென்சில்ல வரையச் சொல்றீங்களா? செத்தாலும் மாட்டேன்.”

“சொந்தமே இருக்கிறப்ப எதுக்கு வாடகை? ஒரே ஒரு விஷயம். கிளம்புறதுக்கு முன்னாடி பழைய மெஷின்ல சொல்லிட்டுக் கிளம்பணும். மென்பொருளுக்குள்ள ‘உரிமத்தை விடுவி’ன்னு ஒண்ணு இருக்கும். வீடு காலி பண்றப்ப சாவியைத் திருப்பிக் குடுக்கிற மாதிரி. அது பண்ணிட்டீங்களா?”

இங்கேதான் பிளான்காரர் சறுக்கினார்.

அப்படி ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது. அந்தப் பெட்டி வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அதை நிறுவியது, பதிவு செய்தது, புதுப்பித்தது எல்லாமே மகள். அவருக்குத் தெரிந்தது கோடு, அளவு, சுவர், ஜன்னல். தெரியாது என்று சொல்ல அரை நொடி போதும். ஆனால் முப்பது வருடமாக வாடிக்கையாளர்கள் எதிரில் “தெரியாது” என்ற சொல்லை உச்சரித்துப் பழகாத நாக்கு, தானாகவே புரண்டது.

“அதெல்லாம் ஆச்சு.”

டாக்டரம்மா திருப்புளியைக் காதிலிருந்து எடுத்தார்.

*

செவ்வாய்க்கிழமை மாலை கணினி புது இருதயத்தோடு எழுந்து உட்கார்ந்தது. மின்னல் வேகம். பிளான்காரர் சின்னப் பிள்ளை மாதிரி ஜன்னல்களைத் திறந்து திறந்து மூடினார். வரைபடம் பத்திரமாக இருந்தது. தினமும் வேலை முடிந்ததும் பென் டிரைவில் ஒரு பிரதி எடுத்து, அதை நூலால் மேசை இழுப்பறையின் கைப்பிடியில் கட்டி வைப்பது அவர் வழக்கம். வரையும் மென்பொருளை நிறுவினார். பெட்டியில் இருந்த நீள எண்ணைத் தட்டினார்.

திரை சொன்னது: இந்த உரிமம் இரண்டு கணினிகளுக்கு மட்டும். இரண்டு இடங்களும் நிரம்பிவிட்டன.

திரும்பத் தட்டினார். அதே பதில். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தட்டினார். கண்ணாடிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

டாக்டரம்மா ஓடி வந்தார். பழைய போர்டை மறுபடி மாட்டிப் பார்த்தார். ஒரு முறை அல்ல, நான்கு முறை. அதற்கு மூச்சே வரவில்லை.

“விடுவிச்சாச்சுன்னு சொன்னீங்களே சார்?”

பிளான்காரர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். அங்கே பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை.

“ஐயாவுக்குத் தெரியாததுன்னு உலகத்துல ஒண்ணு இருந்தா, அது ‘தெரியாது’ங்கிற வார்த்தைதான்” என்றாள் மனைவி, இஸ்திரிப் பெட்டியைத் துணியின்மேல் ஒரு அழுத்து அழுத்தி.

புதன்கிழமை காலை மென்பொருள் கம்பெனியின் உதவி எண்ணுக்குப் போன் செய்தார். இருபத்திரண்டு நிமிட இசைக்குப் பிறகு தேனில் நனைத்த ஒரு பெண் குரல் வந்தது.

“உங்க கணினிக்கு வருந்துறோம் சார்.”

“பரவாயில்லம்மா. அதோட இடத்தைக் காலி பண்ணிக் குடுங்க, போதும்.”

“அந்தக் கணினியே சொன்னாத்தான் சார் விடுவிக்க முடியும். இல்லைன்னா தொண்ணூறு நாள் தொடர்பில்லாம இருக்கணும். அப்புறம் நாங்களே நீக்கிடுவோம்.”

“செத்தது எப்படிம்மா சொல்லும்? மனுஷன் போனாக்கூட இவ்வளவு நாள் காத்திருக்க மாட்டாங்களே!”

“புரியுது சார். ஆனா உங்களுக்கு வேற வழி இருக்கே. இன்னொரு கணினி உயிரோட இருக்கு. இப்போகூட ஓடிட்டிருக்கு. உங்க கணக்குக்குள்ள போய் அதை நீங்களே நீக்கிடலாம். ஒரே ஒரு பொத்தான்.”

பிளான்காரரின் கையில் போன் கனத்தது.

“எந்த இன்னொரு கணினி?”

“அதோட பேர் ‘சின்ன மேசை’ன்னு இருக்கு சார்.”

*

இரண்டரை வருடத்துக்கு முன்பு அந்தச் சின்ன மேசையில் மகள் உட்கார்ந்திருந்தாள். அப்பாவின் கணினிக்குப் ‘பெரிய மேசை’ என்றும், தன் மடிக்கணினிக்குச் ‘சின்ன மேசை’ என்றும் பேர் வைத்ததும் அவள்தான்.

ஒரு பல் மருத்துவரின் வீடு. அடித்தளத்திலிருந்து மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி வரை அவளே வரைந்தாள். ஆறு வாரம். காகிதத்தின் வலது மூலையில் ஒரு சின்னப் பெட்டி இருக்கும்: வரைந்தவர் பேர், தேதி, அளவுவிகிதம். அதில் வழக்கம்போல அப்பாவின் பேர் வந்தது.

“இந்தப் பெட்டியில இன்னொரு வரி சேர்க்கலாமாப்பா?” என்றாள்.

அதை அவர் சிரித்துக்கொண்டே கடந்திருக்கலாம். அன்று என்னவோ, பல் மருத்துவர் எதிரில் உட்கார்ந்திருந்தார். அவர் முன்னால் மகள் கேட்டது உறைத்துவிட்டது.

“மென்பொருள் யார் பேர்ல இருக்கு? என் பேர்ல. மேசை யாரோடது? என்னோடது. கரண்ட் பில்? அதுவும் என் பேர்ல. அப்ப வரைபடம் மட்டும் யார் பேர்ல வரும்?”

மகள் மடிக்கணினியை மூடினாள். “அப்ப நானும் உங்க பேர்லதானாப்பா?” என்றாள். அவ்வளவுதான். அடுத்த வாரம் மடிக்கணினியைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டாள். இரண்டு பஸ் மாறிப் போகிற தூரத்தில், ஒரு சைக்கிள் கடைக்கு மேலே வாடகை அறை. அங்கேயே வீடு, அங்கேயே வேலை.

அதற்குப் பிறகு அப்பாவும் மகளும் ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மா மட்டும் ஞாயிற்றுக்கிழமைதோறும் பேசுவாள். அந்த நேரத்தில் பிளான்காரருக்கு ரேடியோ சத்தம் திடீரென்று பிடிக்காமல் போய்விடும். எழுந்து போய் அணைத்துவிட்டு வந்து பத்திரிகையைப் பிரித்துக்கொள்வார். பக்கம் மட்டும் புரளாது.

அப்படித்தான் அவருக்குச் சில விஷயங்கள் தெரியும். மகளின் மடிக்கணினி ஹெலிகாப்டர் மாதிரிச் சத்தம் போடுகிறது. புதிதாக ஒரு கணினி வாங்கினாள், ஆனால் அதைச் சும்மா வைத்துவிட்டு இன்னும் பழையதிலேயே வரைகிறாள். ‘வாங்கத் தெரியுது, பிரிக்க மனசு வரலை. என் ரத்தம்தானே’ என்று நினைத்துக்கொண்டார்.

இப்போது அந்தப் பழைய மடிக்கணினி அவர் சொத்தில் பாதியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

‘என் பணத்துல வாங்கினது. என் பேர்ல இருக்கிறது. கேக்காம எடுத்துட்டுப் போனவ அவ’ என்று புதன்கிழமை பகல் முழுவதும் மனசுக்குள் வாதாடினார். எதிர்க்கட்சி வக்கீல் யாரும் இல்லாத வழக்கு. ஆனாலும் தீர்ப்பு வர நேரம் ஆயிற்று.

மாலை நான்கு மணிக்குப் பெட்டியைத் தேடி எடுத்தார். மூடியின் உட்புறத்தில் கணக்கின் கடவுச்சொல் மகளின் கையெழுத்தில் இருந்தது. கீழே, ‘அப்பா, இதைத் தொலைச்சிடாதீங்க’ என்று ஒரு வரி.

உள்ளே போனார். இரண்டே வரிகள்.

பெரிய மேசை. கடைசித் தொடர்பு: திங்கட்கிழமை.
சின்ன மேசை. இப்போது பயன்பாட்டில்.

இரண்டாவது வரிக்கு நேராகச் சிவப்பில் ‘நீக்கு’. அமுக்கினார். திரை கேட்டது: சின்ன மேசை இப்போது வேலையில் இருக்கிறது. நீக்கினால் அங்கே மென்பொருள் உடனே நின்றுவிடும். சேமிக்காத வேலை அழிந்துபோகலாம். உறுதியா?

கீழே ‘ஆம்’. பக்கத்தில் ‘ரத்து’.

அவருடைய விரல் மவுஸின்மேல் நின்றது. வரைகிறவருக்குத்தான் தெரியும், சேமிக்காத வேலை என்றால் என்னவென்று. ஒரு சுவரை ஒன்பது அங்குலத்திலிருந்து நாலரைக்கு மாற்றி, அதற்காக எட்டு ஜன்னல்களை நகர்த்தி, ‘இதோ முடிந்தது’ என்று முதுகை நிமிர்த்துகிற அந்த நேரத்தில் திரை கறுப்பது. திங்கட்கிழமைதான் அனுபவித்தார்.

“என்னங்க, டிரைவர் வந்திருக்காரு” என்று வாசலிலிருந்து குரல் வந்தது.

சட்டென்று ‘ரத்து’ அமுக்கினார். திருட்டுப் பூனை மாதிரி.

பஸ் டிரைவர் யூனிஃபார்மோடு நின்றிருந்தார், உட்காரவில்லை. “சும்மா இந்தப் பக்கம் வந்தேன் சார். வெள்ளிக்கிழமை ஆயிடும்ல?”

“ஆயிடும்” என்றார் பிளான்காரர். நாக்கு மறுபடியும் தானாகப் புரண்டது.

*

வியாழக்கிழமை காலை எட்டு மணி.

மனைவி காபியை வைத்துவிட்டு நகரவில்லை. “டாக்டரம்மா சொன்னாங்களே, வாடகை. ஒரு மாசத்துக்கு எடுத்தா என்ன குடியா முழுகிடும்?”

“சொந்தமா ஒண்ணு இருக்கிறப்ப எதுக்குடி வாடகை?”

“சொந்தம் இருக்கு. யார் இல்லைன்னது? இங்கயும் ஒண்ணு இருக்கு, சைக்கிள் கடை மாடியிலயும் ஒண்ணு இருக்கு.”

அவர் திரும்பிப் பார்த்தார். அவளுக்குத் தெரிந்திருந்தது. எப்படி என்று கேட்கவில்லை; முப்பத்தோரு வருடமாகக் கேட்டுத் தெரிந்துகொண்டது எதுவும் இல்லை.

“அழுத்துறதுன்னா அழுத்துங்க” என்றாள் அவள், சத்தம் உயராமல். “ஆனா அழுத்திட்டு என்கிட்ட வந்து ‘மெஷின் பண்ணிச்சு, கம்பெனி பண்ணிச்சு’ன்னு சொல்லக் கூடாது. விரல் உங்களோடது.”

அவள் போய்விட்டாள். அவர் மறுபடியும் கணக்குக்குள் போனார். இன்றைக்கு முடிவு. ‘நீக்கு’ அமுக்கினார். ‘உறுதியா?’ வந்தது. ‘ஆம்’ பக்கம் அம்புக்குறியை நகர்த்தினார்.

அம்புக்குறி நகர்கிற வழியில்தான் பக்கத்தின் ஓரத்தில் இருந்த அந்தச் சின்ன எழுத்து கண்ணில் பட்டது. ‘வரலாறு’.

வரைகிறவர் புத்தி. ஒரு சுவரை இடிப்பதற்கு முன்னால் அது எதைத் தாங்கிக்கொண்டு நிற்கிறது என்று பார்த்துவிட வேண்டும். கேள்வியை அப்படியே நிற்கவிட்டு, வரலாற்றைத் திறந்தார்.

முதலில் வந்தது பயன்பாட்டு நேரம். சின்ன மேசை: இன்று காலை 5.42 முதல். நேற்று 5.39. அதற்கு முந்தின நாள் 5.45. கீழே கீழே போய்க்கொண்டே இருந்தது. எட்டு மணிக்கு முன்னால் போர்வையை விட்டு வெளியே வராத பெண். ‘சூரியன் வந்து கூப்பிட்டாத்தான் எழுந்திருப்பா’ என்று இவரே கேலி செய்த பெண். இரண்டரை வருடம். ஞாயிற்றுக்கிழமையிலும் வேலை. அம்மாவோடு போனில் பேசுகிற அந்த அரை மணி நேரம் மட்டும் காலி.

பத்திரிகைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு பொறுக்கிய துணுக்குகளைவிட இந்த எண்கள் அதிகம் பேசின. காபி ஆறிக்கொண்டிருந்தது.

இன்னும் கீழே போனார். அங்கே வேறு நிறத்தில் ஒரு வரி.

புதிய கணினி சேர்க்க முயற்சி: ‘புது மேசை’. இடம் இல்லை.
‘பெரிய மேசை’யை நீக்கக் கோரிக்கை. உறுதிப்படுத்தவில்லை. ரத்து.

தேதி, இரண்டு வருடத்துக்கு முந்தியது.

பிளான்காரர் அந்த வரியை மூன்று முறை படித்தார். பிறகு விறுவிறுவென்று மேலும் கீழும் தேடினார். ஆறு மாதம் கழித்து இன்னொன்று. ‘பெரிய மேசை’யை நீக்கக் கோரிக்கை. ரத்து. போன வருடம் மழைக்காலத்தில் மூன்றாவது. அதுவும் ரத்து.

அறையில் புது இருதயக் கணினியின் மெல்லிய மூச்சு மட்டும் கேட்டது.

சும்மா வைத்திருக்கிறாள் என்று நினைத்த அந்தப் புதுக் கணினி. பிரிக்க மனசு வரவில்லை என்று சிரித்துக்கொண்ட அந்தப் புதுக் கணினி. அது வாங்கிய நாளே பிரிக்கப்பட்டிருக்கிறது. இதே சிவப்புப் பொத்தான் அவள் கண் முன்னாலும் வந்திருக்கிறது. ஒரே ஒரு ‘ஆம்’. இங்கே இந்த அறையில் அவர் திரை நின்றுபோயிருக்கும். ஏன் என்றுகூட அவருக்குப் புரிந்திருக்காது. டாக்டரம்மாவைக் கூப்பிட்டுக் கத்தியிருப்பார். மூன்று முறை அந்த விளிம்பு வரை வந்து, மூன்று முறையும் அவள் திரும்பிப் போயிருக்கிறாள். போய், ஹெலிகாப்டர் சத்தத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வரைந்திருக்கிறாள். தன் சின்ன மேசையை நீக்கி அந்த இடத்தைப் புதியதுக்குக் கொடுக்கவும் அவளுக்கு மனசு வரவில்லை போலிருக்கிறது; இந்த வீட்டில் அவளுக்கு மிச்சம் இருந்தது அந்த ஒரு பேர்தான்.

மென்பொருள் யார் பேரில் இருக்கிறது என்று அன்று கேட்டாரே. அந்தக் கேள்விக்கு இரண்டு வருடமாக அவள்தான் பதில் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள்.

திரையில் கேள்வி இன்னும் நின்றுகொண்டிருந்தது. உறுதியா?

‘ரத்து’ அமுக்கினார். இந்த முறை நிதானமாக.

பிறகு போனை எடுத்தார். எண் மனப்பாடம். இரண்டரை வருடமாக ஒரு தடவையும் அழுத்தாத எண்.

*

ஒரே மணியில் எடுத்துவிட்டாள்.

“சொல்லுங்கப்பா.”

அவர் ஒத்திகை பார்த்து வைத்திருந்த முதல் வாக்கியம் காணாமல் போயிற்று. பின்னணியில் அந்த ஹெலிகாப்டர் ஓடிக்கொண்டிருந்தது.

“வேலையா இருக்கியா?”

“இருக்கேன். இப்பதான் சேவ் பண்ணினேன்.”

“ம்.”

“நேத்து சாயந்தரத்திலிருந்து ஒவ்வொரு கோட்டுக்கும் சேவ் பண்ணிட்டிருக்கேன்ப்பா.” குரலில் சிரிப்பா கோபமா என்று பிடிபடவில்லை. “அந்தக் கணக்கோட மெயில் என்னோடது. நீங்க பொத்தான்கிட்ட போனா எனக்குத் தகவல் வரும். நேத்து ஒரு ரத்து. இன்னிக்கு ஒரு ரத்து. இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு, என் ஸ்கோருக்கு வரணும்னா.”

பிளான்காரர் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

“தெரிஞ்சும் நீ ஏன் ஒரு போன் பண்ணலை?”

“நீங்க என்ன பண்றீங்கன்னு பாக்கணும்னு தோணிச்சு.”

அதில் ஒரு முள் இருந்தது. குத்தட்டும் என்று விட்டுவிட்டார்.

“பெரிய மேசை போயிடுச்சும்மா. விடுவிக்காம போர்டை மாத்திட்டேன். அந்த மாதிரி ஒண்ணு இருக்குன்னே எனக்குத் தெரியாது.”

மறுமுனையில் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. ‘தெரியாது’ என்ற சொல்லை அப்பாவின் வாயிலிருந்து அவள் முதல் தடவையாகக் கேட்டிருக்க வேண்டும்.

“ஒரு மாசத்துக்கு வாடகைக்கு எடுத்திருக்கலாமே?” என்றாள் பிறகு.

“எடுக்கலாம். எடுக்கத்தான் போறேன். ஆனா நாளைக்குப் பகல் ஒரு வரைபடம் போகணும். பஸ் டிரைவர் ஒருத்தரோட வீடு. மாடிப்படி வெட்டுப்படமும் பரப்பளவு அட்டவணையும் பாக்கி. அனுப்பினா நீ முடிச்சுத் தருவியா?” கொஞ்சம் நிறுத்தினார். “கட்டாயம் இல்ல. உன் வேலை இருக்கும்.”

“அனுப்புங்க, பாக்குறேன்.”

“இன்னொண்ணு. வலது மூலையில அந்தப் பெட்டி. அதுல குறுக்க ஒரு கோடு போட்டு ரெண்டு வரியாக்கிடு.”

ஹெலிகாப்டர் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

“உரிமம் உங்க பேர்லப்பா. நான் எப்படி அதுல கை வைக்கிறது?” என்றாள் கடைசியில்.

“வைம்மா” என்றார்.

சமையலறையில் பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்று வெகு நேரம் ஆகியிருந்தது. ரேடியோவும் அணைந்திருந்தது.

*

மதியம் மூன்று மணிக்கு மகளிடமிருந்து போன். வணக்கம் இல்லை, விசாரிப்பு இல்லை.

“மாடிப்படி திரும்புற இடத்துல தலை இடிக்குதுப்பா. மேல உத்தரம் வருது. ஏழு அங்குலம் பத்தலை.”

“நான் போட்டதா?”

“நீங்க போட்டதுதான்.”

பழைய பிளான்காரராக இருந்தால் இங்கே ஒரு பிரசங்கம் நடந்திருக்கும். “அந்த டிரைவர் ஆள் வேற உயரம்” என்றார் இவர். “திருத்திடு.”

“ஒரு படியைக் கீழ்ப் பக்கம் தள்ளினாச் சரியாயிடும். ஆனா படிக்குக் கீழ இருக்கிற அலமாரி போயிடும்.”

“போகாது. அலமாரிக் கதவை அந்தப் பக்கம் திருப்பு. உள்ளே ஆழம் இருக்கு.”

அவள் ஒரு நிமிடம் பார்த்தாள். “அட, ஆமா!” என்றாள். அந்த ‘அட’வுக்காக இன்னும் நாலு மாடிப்படி தப்பாக வரையலாம் என்று தோன்றியது அவருக்கு.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு முடிந்த வரைபடம் வந்து சேர்ந்தது. அச்செடுத்துப் பெரிய மேசையில் விரித்தார். கோடுகள் சுத்தம். படிகள் சரியாக ஏறின. கண் வலது மூலைக்குப் போயிற்று.

பெட்டியில் குறுக்கே கோடு இருந்தது. இரண்டு வரிகள். மேல் வரியில் அவர் பேர். கீழ் வரி வெறுமையாக இருந்தது.

போன் போட்டார். “கீழ ஒண்ணும் இல்லையே?”

“அதை நான் எழுதிக்கிட்டா, நான் எடுத்துக்கிட்டதா ஆயிடும்ப்பா. எனக்கு வேலை இருக்கு, வெச்சிடுறேன்.” வைத்துவிட்டாள்.

அவரிடம் இப்போது திரையில் எழுத மென்பொருள் இல்லை. இழுப்பறையைத் திறந்தார். கணினி வருவதற்கு முன்னால் கையால் வரைந்த காலத்து மைப் பேனா அடியில் கிடந்தது. மை உறைந்திருந்தது. வெந்நீரில் முக்கி, துடைத்து, ஒரு காகிதத்தில் கிறுக்கிக் கிறுக்கி உயிர் வரவழைத்தார். மணி பதினொன்று பத்து.

“நேரமாகுதுங்க” என்றாள் மனைவி, பின்னால் நின்று.

“சும்மா இரு. கை நடுங்கக் கூடாது.”

அளவுகோலை வைத்து மேலும் கீழும் பென்சிலில் மெல்லிய இரண்டு கோடுகள் இழுத்துக்கொண்டார். அவற்றுக்கு நடுவே மகளின் பேரை, மேல் வரியில் இருக்கிற எழுத்தின் அதே உயரத்துக்கு, ஒரு மயிரிழை கூடாமல் குறையாமல் எழுதினார். ஊதிக் காயவைத்தார். பென்சில் கோட்டை அழித்தார். பிரதியெடுத்து இணையதளத்தில் ஏற்றியபோது மணி பதினொன்று நாற்பத்தேழு. ‘பெற்றுக்கொண்டோம்’ என்று திரை சொன்னது.

பஸ் டிரைவர் சாயங்காலம் வந்து வரைபடத்தை ஆசையோடு தடவிப் பார்த்தார். வலது மூலையில் விரல் நின்றது. “இது யாரு சார், ரெண்டாவது பேரு? கையால எழுதியிருக்கு?”

“உங்க தலை இடிக்காம காப்பாத்தினவங்க” என்றார் பிளான்காரர்.

*

அன்றைக்கே வாடகைக்கு எடுத்தார். செத்தாலும் மாட்டேன் என்றவர், மாதாமாதம் கட்டுகிற புதுப் பதிப்பில் பொத்தான்கள் இடம் மாறிக் கிடப்பதைத் திட்டிக்கொண்டே வரையக் கற்றுக்கொண்டார். தெரியாத இடம் வந்தால் போன் செய்து கேட்டார். தினமும் ஒரு தடவையாவது தெரியாமல் போயிற்று.

மகள் திரும்பி வந்துவிடவில்லை. சைக்கிள் கடை மாடி அவளுக்குப் பழகிவிட்டது. இரண்டு முறை வந்து, விருந்தாளி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டுப் போனாள். சின்ன மேசையில் இருந்த துணிக் குவியலை அம்மா ஒருநாள் எடுத்துவிட்டாள்.

தொண்ணூறு நாள் கடந்த பிறகு வந்த முதல் செவ்வாய்க்கிழமை. பிளான்காரர் காலையில் எழுந்ததும் கணக்குக்குள் போனார். பெரிய மேசை என்ற வரி மறைந்திருந்தது. ஓர் இடம் காலி. ‘புதிய கணினியைச் சேர்க்கவா?’ என்று கேட்டது.

கேள்வியைப் பார்த்தார். பக்கத்தை மூடினார். வாடகை மென்பொருளைத் திறந்து வேலையைத் தொடங்கினார்.

மறுநாள் காலை போய்ப் பார்த்தபோது இரண்டு வரிகள் இருந்தன.

சின்ன மேசை. கடைசித் தொடர்பு: நேற்று.
புது மேசை. இப்போது பயன்பாட்டில். காலை 5.40 முதல்.

“என்ன, காலங்காத்தால தனியாச் சிரிப்பு?” என்றாள் மனைவி காபியை வைத்துக்கொண்டே.

“ஒண்ணும் இல்ல. நம்ம சொந்த வீட்டுக்குக் குடித்தனம் வந்தாச்சு.”

“நல்லாத்தான் இருக்கு. வீட்டுக்காரர் வாடகை வீட்டுல, குடித்தனக்காரி சொந்த வீட்டுல.” அவள் திரையைக் குனிந்து பார்த்தாள். “அஞ்சே முக்காலுக்கு முன்னாடியே உக்காந்துட்டாளா? சாப்பிட்டாளோ என்னவோ. போன் போட்டுக் கேளுங்க.”

“நான் எதுக்கு? ஞாயித்துக்கிழமை நீ பேசுவியே?”

“இன்னிக்குப் புதன்கிழமை” என்றாள் அவள்.

அவர் போனை எடுத்தார்.